1,500 அடி உயரத்தில் ஒரு தப்புக்கணக்கு: ஹியூகோ புயலுக்குள் போன விமானம்

காவல்கிணறு, பணகுடி பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. ஒரு காத்தாடி கோளாறாகி நின்றால், அதைச் சரிசெய்து ஓடவிட்ட பிறகு ஒரு தாள் எழுதித் தர வேண்டும். எத்தனை மணிக்கு மீட்டர் என்ன காட்டியது, அப்போது நாம் என்ன நினைத்தோம், உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மூன்று கட்டம். இரண்டாவது கட்டமும் மூன்றாவது கட்டமும் எந்த இடத்தில் பிரிகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு உட்கார்ந்திருக்கும். பதினெட்டு வருடம் இந்தத் தாளை எழுதியதில், எந்தச் செய்தியைப் படித்தாலும் மனசுக்குள் மூன்று கட்டம் போட்டுப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

இந்த முறை தாள் ஒரு விமானத்துக்கு. 1989 செப்டம்பர் 15 அன்று அட்லாண்டிக் கடலில் ஹியூகோ என்ற புயலுக்குள் போய், உயிர் போய் உயிர் வந்த விமானம் அது. இதை எழுதக் காரணம் உவரியில் ஒரு அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படகு நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "தம்பி, அமெரிக்காவுல புயலுக்குள்ளயே பிளேன விடுதானாமே, மெய்தானா? ஒக்கி வந்தப்போ நம்ம கடலுக்கு அப்படி ஒண்ணு வந்திருந்தா என்ன?"

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குச் சொல்ல ஹியூகோவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

பந்தயத்தில் தொடங்கிய வேலை

அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் என்பதும், பசிபிக்கின் மேற்கில் டைஃபூன் என்பதும், நம் வங்கக்கடலில் புயல் என்பதும் ஒரே சாமான்தான். அதற்குள் வேண்டுமென்றே விமானம் ஓட்டியவர்களில் முதலாமவர் என்று ஜோ டக்வொர்த் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியைச் சொல்வார்கள். 1943 ஜூலை 27. டெக்ஸாஸில் பிரையன் என்ற ஊரில் பயிற்சி விமான தளம். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விமானிகள் அந்தப் பயிற்சி விமானத்தைக் கேலி செய்ய, பேச்சு பந்தயத்தில் போய் நின்றது. டக்வொர்த் ஒற்றை என்ஜின் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு, வழிகாட்டியாக ரால்ஃப் ஓஹேரையும் ஏற்றிக்கொண்டு புயலுக்குள் போய்த் திரும்பினார். இறங்கினால் அங்கிருந்த வானிலை அதிகாரிக்கும் ஆசை வந்துவிட்டது. அவரை ஏற்றிக்கொண்டு அன்றே இன்னொரு தடவை. மேலதிகாரி அனுமதி எதுவும் கிடையாது.

விளையாட்டாக ஆரம்பித்தது சீக்கிரமே முறையான வேலையானது. இன்று இரண்டு கூட்டத்தார் இதைச் செய்கிறார்கள். மிசிசிப்பி மாநிலம் பிலாக்சியில் உள்ள விமானப்படையின் 53ஆவது வானிலைப் பிரிவு ஒன்று. நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் மற்றொன்று. விமானப்படை எங்கே, எவ்வளவு வேகம் என்று அளக்கும். நோவா அதோடு ஏன், எப்படி என்றும் கேட்கும்.

நோவாவிடம் 1970களின் நடுவில் வந்த இரண்டு ஓரியன் விமானங்கள் உண்டு. ஓரியன் என்பது நீர்மூழ்கிக் கப்பலைத் தேட அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த விமானம். ஒவ்வொன்றிலும் நாலு டர்போப்ராப் என்ஜின். ஜெட் இருக்க விசிறி எதற்கு என்று தோன்றலாம். விசிறி என்ஜினில் விமானி கைப்பிடியைத் தள்ளினால் இழுவை உடனே கிடைக்கும். புயலுக்குள் ஒரு நொடி தாமதம் கூடப் பெரிய விஷயம். மழைத் தண்ணீரையும் அது நன்றாகத் தாங்கும். இரண்டு விமானத்துக்கும் பொம்மலாட்டப் பாத்திரங்களின் பெயரைச் செல்லப்பெயராக வைத்திருக்கிறார்கள். 42ஆம் எண் விமானம் கெர்மிட், 43 மிஸ் பிக்கி. நம் கதையில் வருவது கெர்மிட்.

காற்று எவ்வளவு பலம் என்றால் விமானம் ஏன் பிய்ந்துபோவதில்லை? உவரி அண்ணாச்சி இதைக் கேட்கவில்லை, என் மகன் கேட்டான். தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது நடு ஆற்றில் மிதக்கிற மட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு போகிற வேகத்தில் அதுவும் போகும். அதே மட்டை குறுக்குத்துறை முருகன் கோவில் மண்டபத்தின் பக்கம் ஒதுங்கினால், தண்ணீர் பிரிந்து சுழிக்கிற இடத்தில் சுக்குநூறாகும். விமானத்துக்கும் அப்படித்தான். ஒரே சீராக 200 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். நூறு மீட்டருக்குள் காற்று மாறினால், மேலே தூக்கி உடனே கீழே அமுக்கினால், அங்கேதான் ஆபத்து. புயலில் அந்த மண்டபம் மாதிரி இருப்பது கண்சுவர். நடுவில் அமைதியான கண், அதைச் சுற்றி மேகம் மதில் போல் எழும்பி நிற்கும் வளையம். மிகப் பெரிய காற்றும் மழையும் அந்த வளையத்தில்தான்.

1989 செப்டம்பர் 15

ஹியூகோ அப்போது கரீபியன் தீவுகளுக்குக் கிழக்கே நடுக்கடலில் இருந்தது. அதுவரை எந்த விமானமும் அதற்குள் போனதில்லை. கரையிலிருந்து அவ்வளவு தூரம். தெரிந்ததெல்லாம் செயற்கைக்கோள் படம் பார்த்துப் போட்ட மதிப்பீடு.

இந்த மதிப்பீடு எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடலுக்கும் இதுதான் இன்று வரை ஆதாரம். 1970களில் வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்கர் ஒரு முறையை வகுத்தார். மேகம் எவ்வளவு சுருண்டிருக்கிறது, கண் தெரிகிறதா, கண்ணுக்கும் சுற்றியுள்ள மேக உச்சிக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து ஒரு எண் போடுவார்கள். அந்த எண்ணுக்கு இன்ன காற்று வேகம் என்று அட்டவணை உண்டு. நல்ல முறைதான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான உயிரைக் காத்த முறை. ஆனால் அது பானை வாயில் வருகிற ஆவியைப் பார்த்து உலை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்கிற வித்தை. ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்கிற வித்தை அல்ல.

பார்படோஸ் தீவிலிருந்து கெர்மிட் கிளம்பியது. உள்ளே பதினாறு பேர். விமானி லோவெல் ஜென்ஸ்லிங்கர், துணை விமானி ஜெரி மெக்கிம், தலைமை விஞ்ஞானி ஃபிராங்க் மார்க்ஸ், பாதையைத் தீர்மானிக்கும் வானிலையாளர் ஜெஃப் மாஸ்டர்ஸ். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரும் ஏறியிருந்தார். திட்டம் 1,500 அடி உயரத்தில் கண்சுவரைத் துளைத்து உள்ளே போவது. கடலிலிருந்து புயல் எப்படிச் சூட்டையும் ஈரத்தையும் உறிஞ்சுகிறது என்று தெரிய வேண்டுமானால், கடலுக்கு அவ்வளவு நெருக்கத்தில்தான் அளக்க வேண்டும். விஞ்ஞானிகள் கேட்டதில் தப்பில்லை. பலம் குறைந்த புயல்களில் அந்த உயரத்தில் பறந்த அனுபவமும் இருந்தது. செயற்கைக்கோள் மதிப்பீடும் பெரிதாகப் பயமுறுத்தவில்லை.

இரண்டாவது கட்டத்தில் நான் எழுதுவது: "நடுத்தரமான பெரிய புயல், 1,500 அடி தாங்கும்."

மூன்றாவது கட்டம் சில நிமிடத்தில் நிரம்பியது. கண்சுவருக்குள் நுழைந்ததும் காற்று ஏறிக்கொண்டே போனது. மணிக்கு சுமார் 300 கிலோமீட்டரைத் தொட்டது. எங்கள் காத்தாடிகள் 90 கிலோமீட்டர் காற்றில் தானாக நின்றுவிடும். அதற்கு மேல் ஓடினால் இறக்கை தாங்காது என்று கணக்கு. காற்றின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 300 என்பது எங்கள் வரம்பைப் போலப் பதினோரு மடங்கு அமுக்கம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பைக் ஓட்டத் திணறுகிறோமே, அதை நினைத்துக்கொண்டு பதினோரு மடங்கு என்பதை யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

கண்சுவரின் உள்விளிம்பில், இன்னும் சில நொடியில் கண் வந்துவிடும் என்ற இடத்தில், விமானத்தை ஒன்று மாற்றி ஒன்றாக மேலும் கீழும் அடித்தன காற்றுத் தூண்கள். உள்ளே இருந்தவர்கள் மேல் சொந்த எடையைப் போல ஐந்து மடங்குக்கும் கூடுதலான பாரம் இறங்கியது. 70 கிலோ ஆளுக்கு 350 கிலோவுக்கு மேல். அடுத்த நொடி கூரையை நோக்கித் தூக்கியது. கட்டி வைத்திருந்த சாமான்கள் பிய்த்துக்கொண்டு பறந்தன. இந்த இரண்டு பாரமும் விமானத்தைக் கட்டியவர்கள் போட்ட வரம்புக்கு மேலே. இதற்கிடையில் வலப்புறத்தின் உள்பக்க என்ஜின், மூன்றாம் எண், தீயைக் கக்கியது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதாகி, அளவுக்கு மீறிப் பாய்ந்த எரிபொருள் பின்பக்கமாக எரிந்தது. மூக்கு கீழே சாய, விமானம் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவது என்ஜினை நிறுத்தி, தீயை அடக்கி, ஜென்ஸ்லிங்கர் விமானத்தைப் பிடித்து நிறுத்தியபோது வெளிச்சம் வந்தது. கண்ணுக்குள் வந்துவிட்டார்கள்.

கண்ணுக்குள் ஒரு மணி நேரம்

கண்ணுக்குள் காற்று மேலிருந்து மெல்ல இறங்கும். இறங்குகிற காற்று சூடாகி மேகம் கலைந்துவிடும். அதனால் மேலே நீல வானம், சுற்றிலும் வெளிப்பக்கம் சாய்ந்து எழும் வெள்ளை மதில். கமலைக் கிணற்றின் அடியில் நின்று மேலே பார்க்கிற மாதிரி. கிணறாவது அசையாது. இது மேற்கே நகர்ந்துகொண்டிருக்கிற கிணறு.

மாட்டிக்கொண்டது இங்கேதான். அமைதியான இடத்தில் இருக்கிறார்கள், ஆனால் வெளியே போக வேண்டுமானால் இப்போது அடித்த அதே மதிலை மறுபடி துளைக்க வேண்டும். ஒரு என்ஜின் போய்விட்டது. நாலாவது என்ஜின் பக்கம் பனியைத் தடுக்க ஒட்டியிருந்த ரப்பர் உறை கழன்று தொங்குகிறது. வரம்பு மீறிய பாரத்தில் இறக்கையின் உள்ளே என்ன விரிசல் விட்டிருக்கிறதோ, பார்க்க வழியில்லை. டாங்க் நிறைய எரிபொருள், கனம். மூன்று என்ஜினில் மேலே ஏற மறுக்கிறது.

எரிபொருளைக் கடலில் கொட்டினார்கள். கண்ணுக்குள்ளேயே வட்டமடித்து வட்டமடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறினார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது வானத்தில் இருந்த இன்னொருவர். விமானப்படையின் ஒரு ஹெர்குலிஸ் விமானம், அழைப்புப் பெயர் டீல் 57, அதே நேரம் ஹியூகோவை நோக்கி வந்துகொண்டிருந்தது. செய்தி கிடைத்ததும் கண்ணுக்குள் வந்து, கெர்மிட்டின் அருகே பறந்து வெளிப்பக்கத்தில் என்ன சேதம் என்று பார்த்துச் சொன்னது. அப்புறம் அது செய்த வேலைதான் எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்தது. கண்சுவருக்குள் தானே போய் வந்து, எந்தப் பக்கம் ஆட்டம் குறைவு என்று தேடியது. கிணற்றுச் சுவரில் எந்தக் கல் இளகியிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது போல. வடகிழக்குப் பக்கம் பரவாயில்லை என்று தெரிந்தது. சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, 7,000 அடி உயரத்தில், அந்தப் பக்கமாக கெர்மிட் வெளியேறியது. ஆட்டம் இருந்தது, முதல் தடவை மாதிரி இல்லை. பார்படோஸில் பத்திரமாக இறங்கினார்கள். பதினாறு பேரும் நடந்து இறங்கினார்கள்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1955 செப்டம்பரில் ஜேனட் புயலுக்குள் போன கடற்படை விமானம் பதினொரு பேரோடு காணாமல் போனது. அதில் இருவர் கனடாப் பத்திரிகைக்காரர்கள். 1974இல் தென்சீனக் கடலில் ஒரு ஹெர்குலிஸ் ஆறு பேரோடு போனது. இரண்டிலும் உயிரோடு யாரும் கிடைக்கவில்லை. அதனால் மூன்றாவது கட்டத்தில் எழுதவும் ஆளில்லை.

கோளாறு எங்கே

என்ஜினில் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பாகம் பழுது, மாற்றியாயிற்று, கையெழுத்து. எங்கள் கம்பெனித் தாள்களில் பாதி அப்படித்தான் முடியும். ஒரு தடவை அப்படி எழுதி நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு காத்தாடியின் உச்சியில் இருக்கிற காற்றுமானியின் பேரிங் உப்பேறி இறுகிப்போயிருந்தது. உண்மையில் அடித்த காற்றைவிடக் குறைவாகக் காட்டியது. குறைவாகக் காட்டியதால் இயந்திரம் நிற்க வேண்டிய காற்றிலும் நிற்கவில்லை; கடைசியில் அதிர்வு தாங்காமல் பிரேக் பிடித்து நின்றபோது பிரேக் தீய்ந்திருந்தது. பிரேக் பழுது என்று எழுதினேன். பெரியவர் ஒருவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பிரேக்கு பாவம், அது கடைசி ஆளுல்லா. மொதல்ல யாரு பொய் சொன்னா?" என்றார்.

ஹியூகோவில் முதலில் பொய் சொன்னது செயற்கைக்கோள் மதிப்பீடு. பொய் என்பது கடுமையான சொல். அதனால் முடிந்ததைச் சொன்னது, அவ்வளவுதான். அந்தப் பறப்பில் கண்ணுக்குள் அளந்த காற்றழுத்தம் 918 மில்லிபார்; இந்த எண் எவ்வளவு குறைகிறதோ புயல் அவ்வளவு பலம். தரைமட்டக் காற்று மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் என்று பிறகு கணக்கிட்டார்கள். அது உச்சபட்சமான ஐந்தாம் வகைப் புயல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹியூகோ அன்று ஐந்தாம் வகையில் இருந்தது என்று இன்று பதிவேட்டில் இருக்கிறதே, அதற்கு ஆதாரம் இந்த விமானம் எடுத்த அளவுதான். உள்ளே போயிருக்காவிட்டால் உள்ளே போயிருக்கக் கூடாது என்பதே தெரிந்திருக்காது.

இரண்டாவது, உயரம். இது அன்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. 1997 முதல் டிராப்சோண்ட் என்ற கருவியில் ஜிபிஎஸ் வந்தது. அரை மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள குழாய், சின்னப் பாராசூட். விமானத்திலிருந்து போட்டால் கடலைத் தொடும் வரை அழுத்தம், வெப்பம், ஈரம், காற்று எல்லாம் அனுப்பிக்கொண்டே விழும். பானையிலிருந்து எடுத்த ஒரு சோறு. இப்படி நூற்றுக்கணக்கான குழாய்களைக் கண்சுவருக்குள் போட்டுப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவானது. கண்சுவரில் காற்று மிக வேகமாக இருப்பது கடலுக்கு மேல் சுமார் 500 மீட்டரில். கீழே அலைகளின் உராய்வு இழுக்கிறது, மேலே போகப் போகத் தணிகிறது. 1,500 அடி என்பது 457 மீட்டர். மதிலில் இருக்கிற ஒரே ஒரு சூடான செங்கலைத் தேடிப் பிடித்துக் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது, அந்த மேலும் கீழுமான அடி. வெறும் கொந்தளிப்பு அல்ல அது. மார்க்ஸும் கூட்டாளிகளும் அந்தப் பதிவுகளை எடுத்து வைத்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். கண்சுவரின் உள்விளிம்பில், பெரிய சுழலுக்குள் ஒரு சின்னச் சுழல் தனியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சூறைக்காற்றைப் போன்ற ஒன்று. விமானம் அதற்குள்ளேயே நுழைந்துவிட்டது. குறுக்குத்துறை உவமையை மேலே சொன்னது இதற்காகத்தான்: ஆறு அல்ல, ஆற்றுக்குள் சுழி. அப்படி ஒன்று இருக்கிறது என்பதை அதற்குள் போய் வந்த விமானமே அளந்து கொண்டுவந்தது. பத்தொன்பது வருடம் கழித்து வந்த பதில்.

பிறகு மாறியது

பலமான புயலின் கண்சுவருக்குள் அவ்வளவு தாழ்வாகப் போகிற வழக்கம் நின்றது. இப்போது பொதுவாகப் பத்தாயிரம் அடி அளவில் போவார்கள். கீழே இறங்க வேண்டிய வேலையைக் குழாய் செய்யும். அந்தக் குழாய்கள் தந்த கணக்கில் இன்னொரு பலனும் வந்தது. பத்தாயிரம் அடியில் அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதம் தரையில் இருக்கும் என்று தெரிந்ததால், பழைய புயல்களைத் திரும்ப எடை போட்டார்கள். 1992இல் ஃபுளோரிடாவை அடித்த ஆண்ட்ரூ பத்து வருடம் நாலாம் வகையாக இருந்தது; 2002இல் ஐந்துக்கு ஏற்றப்பட்டது. இறக்கையில் பொருத்திய ரேடியோமீட்டர் ஒன்றும் வந்தது. கடல்மேல் நுரை எவ்வளவு என்பதை மைக்ரோவேவில் உணர்ந்து, அதை வைத்துக் காற்றைச் சொல்லும்.

தாழ்வாகப் பறக்க இப்போது ஆளில்லா விமானங்கள். 2022இல் இயான் புயலுக்குள் ஒரு ஓரியன் விமானம் போய், அப்படி ஒன்றை உள்ளே பறக்கவிட்டது. அந்த ஓரியன் யார் தெரியுமா? கெர்மிட்டேதான். 33 வருடம் கழித்து அதே விமானம். அன்றும் நல்ல அடி வாங்கித்தான் வந்தது. திருநெல்வேலி டவுனில் முப்பது வருட அம்பாசிடரைத் துடைத்து வைத்து ஓட்டுகிறவர்களை நாம் கிண்டல் செய்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. 2007 பிப்ரவரியில் வட அட்லாண்டிக் குளிர்காலப் புயல் ஒன்றை ஆராயப் போன நோவாவின் ஓரியனுக்கு நாலில் மூன்று என்ஜின் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காரணம் உப்பு. கடல் தூவானத்தின் உப்பு என்ஜினுக்குள் படிந்துபோயிருந்தது. மறுபடி கிளப்பித் திரும்பிவிட்டார்கள். உப்பு என்ன செய்யும் என்று தூத்துக்குடி, உவரிப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டாம்.

சரி, ஒக்கிக்கு வருவோம்

ஒக்கி என்ற பெயர் வங்கதேசம் தந்தது. அவர்கள் மொழியில் கண் என்று அர்த்தம். மீனாட்சி, காமாட்சியில் வருகிற அட்சிதான். கண் என்று பெயர் வைத்த புயலை நாம் கண்ணால் பார்க்க முடியாமல் இருந்தோம்.

2017 நவம்பர் 29இல் இலங்கைப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30 காலையில் குமரிக் கடலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று பகலிலேயே புயல். கன்னியாகுமரிக்குத் தெற்கே மிக நெருக்கமாகக் கடந்து அரபிக்கடலுக்குள் போய், அங்கே அதிதீவிரமானது. குமரி மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் விழுந்தன. பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் பேய்மழை. ஆனால் சாவு நிலத்தில் அல்ல. பல நாள் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த குமரி, கேரளப் படகுகளில்தான். நூற்றுக்கணக்கில் போனவர்கள் வரவில்லை.

இதற்கும் மூன்று கட்டம் போட்டால், ஹியூகோவின் முதல் பொய் இங்கேயும் இருக்கிறது. குமரிக் கடல் நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரியில் இருக்கிறது. அங்கே பூமியின் சுழற்சி தருகிற திருப்பம் குறைவு. புயல் உருவாவதே அபூர்வம். அபூர்வம் என்பதால் யாருக்கும் பழக்கமில்லை. சுருண்டு வரும் மேகம் இன்னும் வடிவம் எடுக்காத கட்டத்தில் மேலிருந்து பார்க்கிற முறைக்குத் திணறல் அதிகம். சில மணி நேரத்தில் தாழ்வு மண்டலம் புயலானபோது, மதிப்பீடு பின்னால் ஓடி வந்தது. உள்ளே ஒரு குழாய் விழுந்திருந்தால் அழுத்தம் எவ்வளவு இறங்கிவிட்டது என்று முன்கூட்டித் தெரிந்திருக்கும். இது என் கணிப்பு. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் வழக்கமாகப் புயலுக்குள் போகிற விமானம் இந்தியாவிடம் இல்லை. தைவான் 2003 முதல் புயலைச் சுற்றிப் பறந்து குழாய் போடுகிறது. ஜப்பான்காரர்கள் 2017இலேயே, ஒக்கி வந்த அதே வருடம், லான் என்ற டைஃபூனின் கண்ணுக்குள் ஜெட் விமானத்தில் போய்விட்டு வந்தார்கள். ஆக, இது அமெரிக்காக்காரனால் மட்டும்தான் முடியும் என்பதில்லை. ஒக்கியில் காணாமல் போனவர்களைத் தேடக் கடற்படை அனுப்பிய பி8ஐ விமானமும் ஓரியன் மாதிரியே நீர்மூழ்கி தேடுகிற ஜாதிதான். புயல் போன பிறகு வந்தது.

ஆனாலும் அண்ணாச்சியிடம் விமானம் வந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. 29ஆம் தேதிக்கு முன்பே கிளம்பி நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த படகுக்கு யார் போய்ச் சொல்வது? கெர்மிட்டைக் காப்பாற்றியது நல்ல கருவி அல்ல, ரேடியோவில் பேசினால் கேட்கிற தூரத்தில் டீல் 57 இருந்தது. அந்தத் தங்கல் படகுகளுக்குக் கூப்பிட்டுச் சொல்ல ஆளில்லை. ஒக்கிக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கும் எச்சரிக்கை போகிற கருவிகள் படகுகளுக்கு வந்தன. எனக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் வாங்கு என்றால் முதலில் அந்தக் கருவி, அப்புறம் விமானம். விமானம் வேண்டாம் என்று இல்லை, வரிசை அதுதான்.

அடுத்த ஞாயிறு உவரிக்குப் போனபோது இவ்வளவையும் சொன்னேன். அண்ணாச்சி ஊசியை நிறுத்தாமல் கேட்டார். ஐந்து மடங்கு பாரம் என்றபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். டீல் 57 மதிலைத் தட்டிப் பார்த்த இடத்தில், "அவன் ஆளு" என்றார். கரை சேர முடியாத படகுக்கு இன்னொரு படகு முன்னால் போய் அலைவாய் பார்த்துச் சொல்வது அவருக்குப் புதுசு இல்லை.

கடைசியில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"அந்தக் கொழாய் கடல்ல விழுதுல்லா, அப்புறம் அத யாரு எடுப்பா?"

யாரும் எடுக்கமாட்டார்கள் அண்ணாச்சி, அப்படியே போய்விடும் என்றேன்.

"ஒரு புயலுக்கு எத்தன போடுவான்?"

"பத்து, இருபது, முப்பது கூடப் போடுவான்."

அவர் வலையைத் தூக்கி வெயிலில் பிரித்துப் பார்த்தார். "இங்க வந்து போட்டாம்னா, மடியில மாட்டாத எடமா பாத்துப் போடச் சொல்லு."